றெஜினாவின் லீவுக் கிழமை

கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் றெஜினா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய மகள் மெலிசா பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். இன்று மெலிசா கல்யாணம் முடித்து அஜக்ஸில் வீடு வாங்கிக் குடியிருக்கிறாள். றெஜினா அதே சமையலறையில்தான் நிற்கிறாள். நிற்கிறாள் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் ஏப்ரனைக் கட்டினால் பிற்பகலில் கழற்றும்வரை, சாப்பாட்டு இடைவேளையைத் தவிர, அவளுக்கு இருக்கை கிடையாது. மெல்ல முடியாதவர்களுக்கு அரைத்த கோழி, அரைத்த கரட், அரைத்த பட்டாணி என்று மூன்று நிற உருண்டைகளை ஐஸ்கிறீம் கரண்டியால் அள்ளித் தட்டில் வைக்க வேண்டும். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குத் தண்ணீரையும் கூழாக்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருடைய அட்டையையும் பார்க்க வேண்டும். வண்டியில் அடுக்கி அனுப்பிய தட்டுகள் எச்சிலோடு திரும்பி வரும். அவற்றைச் சுரண்டிக் கழுவும் இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டு பஸ் ஏறினால் வீடு. வீட்டில் மறுபடியும் அடுப்பு.

கணவர் அமிர்தநாதர் தொழிற்சாலை வேலையில் முதுகு பிடித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். குடி இல்லை, வெறிக்கதை இல்லை, ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போவார். சூடாக்கின சோறு மட்டும் அவருக்கு ஆகாது. மைக்ரோவேவில் வைத்தால் நெஞ்சு எரியும் என்பார். ஆகவே மத்தியானத்துக்குரியதை விடியமுன் எழுந்து ஆக்கிப் பொதித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். இரவுக்குரியதை வந்து ஆக்குவாள். அவளுடைய கால்களில் நரம்புகள் சுருண்டு நீலமாய்ப் புடைத்திருந்தன. வைத்தியர் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்து, இயன்றவரை நிற்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அந்த இல்லத்தில் வருடத்துக்குரிய லீவுக் கிழமைகளை, எந்த வாரம் யாருக்கு என்று, ஜனவரியில் பங்கிட்டுக்கொள்வார்கள். சேவையில் மூத்தவர்களுக்குத்தான் முதல் தெரிவு. மெலிசா சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக் கிழமையை றெஜினா ஒவ்வொரு வருடமும் கேட்டாள், ஒரு வருடமும் கிடைக்கவில்லை. இந்த வருடம் அவளுக்கு மேலிருந்த இருவர் ஓய்வு பெற்றுப் போனார்கள், தாள் முதலில் அவளிடம் வந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இல்லை. இருந்தாலும் ஒரு பிடிவாதத்தில் அந்தக் கிழமைக்கு நேரே தன் பெயரை எழுதினாள்.

எழுதிய பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தாள். வீட்டில் இருந்தால் அது லீவு ஆகாது. எங்கேயாவது போக வேண்டும். வோபர்னில் பயண முகவராக இருக்கும் சியாமளாவிடம் போனாள். சியாமளா கணினித் திரையைத் திருப்பி, டொமினிக்கன் குடியரசு என்ற தீவு நாட்டில் ஒரு ஹோட்டலைக் காட்டினாள். பள்ளி விடுமுறைக் காலம், விலை கூடத்தான், ஆனால் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றாள். தென்னைகள், வெள்ளை மணல், நீலத் தண்ணீர். றெஜினா அவற்றை வெறுமனே பார்த்தாள். மூன்று நேரமும் சாப்பாடு உண்டு என்றபோது நிமிர்ந்தாள்.

"தட்டுகளை நாங்கள் கொண்டுபோய் வைக்க வேணுமோ?"

சியாமளாவுக்கு விளங்கவில்லை. "எந்தத் தட்டு, அன்ரி?"

"சாப்பிட்ட தட்டு."

"ஐயோ, இல்லை அன்ரி. அப்பிடியே மேசையிலை விட்டிட்டு எழும்பிப் போகலாம்."

றெஜினா அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கு முற்பணம் கட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விபரம் சொன்னபோது, போகும்வரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றும் சொன்னாள். அமிர்தநாதர் சம்மதித்தார். சம்மதித்தபோது அவர் உண்மையாகத்தான் சம்மதித்தார். ஆனால் அவர்களுடைய குடும்பத்தில் கடல் கடந்து போகிறவர்கள் மூத்த தமக்கை றீற்றாவிடம் சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது தமக்கை எதிரே வந்து நின்றாள். அவருக்கு வாய் தாங்கவில்லை.

"அக்காவுக்கு மட்டும்தான் சொன்னனான். பிறகு அறிஞ்சால் மனம் நோவா" என்றார் காரில்.

அவர் செய்த பிழை அவருடைய சனத்துக்கே உரிய பிழை. எங்கள் ஆட்களிடையே ஒரு பயணத்தைச் சொல்வது கூப்பிடுவதற்குச் சமம். சொல்லிவிட்டுக் கூப்பிடாவிட்டால் பின்னே எதற்குச் சொன்னான் என்ற கேள்வி வரும். சொல்லாமலே போனால் அதைவிடப் பெரிய கேள்வி வரும். றீற்றா சிலுவை போடவில்லை. இந்தக் குளிருக்குத் தனக்கு மூச்சு முட்டு இழுக்கிறது, தானும் வருவதாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற தம்பி அகஸ்ரினும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அகஸ்ரின் வந்தால் மனைவி, மகன் கிளிபோட், கிளிபோட்டின் குடும்பம். அகஸ்ரினுடைய சகலனுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். மாசி மாதம் பிறந்தபோது ஒரு வான் வண்டியில் அடங்காத கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை அஜக்ஸில் றீற்றாவின் வீட்டில் கூடினார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் வேண்டும். றீற்றாவுக்கு முழங்கால் வருத்தம். றெஜினா எழுந்து உள்ளே போனாள். அதனால் அன்றைய தீர்மானங்கள் எல்லாவற்றையும் அவள் கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டாள்.

இத்தனை பேருக்கு ஹோட்டல் சரிவராது, வில்லா எடுப்போம் என்றான் கிளிபோட். கைத்தொலைபேசியில் ஒன்றைத் தேடிப் பிடித்தும் வைத்திருந்தான். நீச்சல் தடாகம், கடற்கரைக்கு நடை தூரம், எல்லோருக்கும் அறை.

"குசினி பெரிசோ?" அது றீற்றாவின் குரல்.

"பெரிசு, மாமி. ஆறு பேர்னர் காஸ் அடுப்பு. பிறிஜ் ரெண்டு."

"அப்ப பேச்சில்லை" என்றார் அகஸ்ரின். "ஹோட்டல் சாப்பாடு ரெண்டு நாளைக்குத்தான். மூண்டாம் நாள் வாய் சோறு தேடும். அண்ணி இருக்கேக்கை எங்களுக்கென்ன கவலை?"

றீற்றா தன் நிலையையும் சொன்னாள். அந்தக் கிழமை தபசு காலம், நோன்பு நாட்கள், இறைச்சிச் சட்டியில் புழங்கின அகப்பை அவளுக்கு ஆகாது, மீன் சட்டி புறம்பாக வேண்டும்.

"அதுக்கென்ன, அக்கா. றெஜினா வைப்பா."

இதைச் சொன்னது அமிர்தநாதர். றெஜினா தேநீரில் சீனியைக் கலக்கிக்கொண்டு நின்றாள்.

தட்டத்தைக் கொண்டுபோனபோது எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். தீவில் பிறந்த நாங்கள் காசு கொடுத்துத் தீவுக்குப் போகிறோம், இதற்குத்தான் கனடா வந்தோம் என்று அகஸ்ரின் பகிடி விட்டார். றீற்றா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உன்ரை கைக்கு அங்கத்தை மீன் எப்பிடி வருமெண்டு பாப்பம்" என்றாள். வசவு என்றால் திருப்பிச் சொல்லலாம். புகழ்ச்சிக்கு என்ன சொல்வது? றெஜினா சிரித்துவைத்தாள்.

நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. லொறிகள் சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்துவிட்டுக் கடந்தன. 

"நான் சமைக்கவோ அங்கை வாறன்?" என்றாள் றெஜினா.

"எல்லாரும் கை குடுப்பினம்தானே."

"ஆர்?"

அமிர்தநாதர் யோசித்தார். ஒரு பெயரும் அகப்படவில்லை. மெலிசா வந்தால் உதவியாக இருக்கும் என்றார். மெலிசாவும் மருமகன் மரியோவும் வேலை காரணமாக வரவில்லையென்று போன கிழமையே சொல்லிவிட்டார்கள். அதை றெஜினா நினைவூட்டினாள்.

"ஒரு கிழமைதானே, றெஜினா" என்றார் அவர், ஆறுதலாக.

அந்த ஒரு கிழமையைத்தான் அவள் கேட்டிருந்தாள். அவர்கள் வில்லாவில் நிற்கட்டும், நாங்கள் இருவரும் முதலில் பார்த்து முற்பணம் கட்டிய ஹோட்டலில் நிற்போமே என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா ஒரு இடத்திலும் தம்பி பக்கத்து இடத்திலும் நின்றால் சனம் என்ன கதைக்கும் என்றார். அதற்கு மேல் அவள் வாதிக்கவில்லை. வாதிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பயணத்துக்குரிய ஆயத்தங்கள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்து சேர்ந்தன. மிளகாய்த்தூள் வறுத்து இடித்து இறுக்கிக் கட்ட வேண்டும். அங்கே கிடைக்கும் அரிசி நீளமாம், குத்தரிசி கொண்டுபோக வேண்டும். பெரிய ரைஸ் குக்கர் அவளிடம்தான் இருந்தது. வேலையிடத்தில் இடைவேளையில் இருக்கும்போது றீற்றா அழைத்து, இடியப்ப உரலையும் மறக்காமல் வைக்கச் சொன்னாள். கட்டிலின்மேல் திறந்து கிடந்த றெஜினாவுடைய பெட்டியில், தனக்கென்று அவள் வைத்தது இரண்டு பருத்திச் சட்டைகளும் ஒரு செருப்பும்தான். மற்ற இடமெல்லாம் சமையல்.

இந்த நிலையில்தான் நதீஷாவின் சங்கதி வந்தது. நதீஷா நீர்கொழும்புக்காரி, றெஜினாவோடு அதே சமையலறையில் வேலை, சேர்ந்து அதிக காலமில்லை. தாய்க்கு ஊரில் இருதய சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், பள்ளி விடுமுறையில்தான் கூட்டிக்கொண்டு போகலாம். லீவுத் தாள் கடைசியில்தான் அவளிடம் வந்தது. அதில் எஞ்சியிருந்தது நவம்பர் மாதம். மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். யாராவது மாற்றிக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை, வண்டிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மார்ச் கிழமை என்ரை" என்றாள் றெஜினா. "நீர் எடும். நான் நவம்பரை எடுக்கிறன்."

நதீஷா துணியோடு நிமிர்ந்தாள். "அக்கா, நீங்க எங்கயோ போறதாச் சொன்னீங்களே?"

"போறவை போகட்டும்."

இதைத் தியாகம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நதீஷாவின் தாயில் அவளுக்கு இரக்கம் இருந்தது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தபோது அவள் கண்டது தாயின் முகத்தை அல்ல. எல்லோரும் வானேறிப் போன பிறகு ஸ்காபரோவில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டைத்தான் கண்டாள். வேலைக்குப் போகலாம். வேலையில் நிற்கலாம், அதற்குச் சம்பளம் உண்டு. வந்த பிறகு கேட்பார் இல்லை. ஒருத்திக்குக் கிடைக்கக்கூடிய லீவு அவ்வளவுதான் என்றால் அதுவும் போதும். அன்றே இருவரும் மேற்பார்வையாளரிடம் போய் மாற்றி எழுதினார்கள்.

வீட்டில் சொல்ல அவளுக்குச் சில நாட்கள் எடுத்தன. சோறு போட்டுக்கொண்டு, தனக்கு மார்ச்சில் லீவு இல்லாமல் போய்விட்டது என்றாள். ஏன் என்று கேட்டார். நதீஷாவின் கதையைச் சொன்னாள். அமிர்தநாதர் கோபப்படவில்லை. நோயாளித் தாயைப் பார்க்கப் போகிற பிள்ளையைக் குறை சொல்ல அவருக்கு மனம் வராது. கவலையோடு தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவருக்கும் அறிவித்தார்.

றெஜினா நினைத்தது, அவர்கள் முறைத்துக்கொண்டாவது வில்லாவுக்குப் போவார்கள் என்று. நடந்தது வேறு. இரண்டு நாள் கழித்து றீற்றா அழைத்தாள்.

"நீ இல்லாட்டி ஆர் அந்த அடுப்படியிலை நிக்கிறது? எங்களுக்கென்ன தலைவிதியே? வில்லாவை விட்டிட்டம். கிளிபோட் சியாமளாட்டைக் கதைச்சு ஹோட்டலுக்கு மாத்திப்போட்டான். நீ முதல் பாத்த அதே ஹோட்டலாம். எல்லாம் அவங்களே தருவாங்களாம், றெஜினா. உனக்குத்தான் குடுத்துவைக்கேல்லை."

றீற்றாவின் குரலில் நஞ்சு துளியும் இல்லை, உண்மையான அனுதாபம்தான் இருந்தது. றெஜினா கைபேசியோடு மாடிப்படியில் இருந்துவிட்டாள். அந்த அடுப்படியில் நிற்பது தலைவிதி என்று மச்சாளுக்கு முன்னமே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மெலிசாவுக்குச் செய்தி எட்டியதும் அவளும் அழைத்தாள். "அம்மா, ஜஸ்ட் ஆஸ்க் ஃபோர் இற் பாக். இற்ஸ் யுவர் வீக்."

"அவள் ரிக்கெற் எடுத்திட்டாள், பிள்ளை. தாய்க்கும் சொல்லிட்டாள்."

அந்தப் பக்கம் மெலிசா ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தாள். றெஜினாவுக்கு அது கேட்கவில்லை, கேட்கவும் தேவையிருக்கவில்லை.

அன்று பின்னேரம் அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றபோது அமிர்தநாதர் குசினி வாசலில் வந்து நின்றார். நாள் முழுக்க எதையோ மனதில் வைத்துப் புரட்டியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நீர் இல்லாமல் நான் அங்கை என்னத்துக்கு? நான் கான்சல் பண்ணுறன். ரெண்டு பேரும் வீட்டிலை இருப்பம்."

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு அன்பாக ஒன்றைச் சொன்னது அரிது. வேறொரு காலமாக இருந்தால் அவள் உருகியிருப்பாள். இப்போது அவளுக்கு முதலில் தோன்றியது விடியமுன் ஆக்க வேண்டிய சோறும், வந்து ஆக்க வேண்டிய புட்டும்தான். அடுப்பைக் குறைத்தாள்.

"நீங்கள் போங்கோ."

"இல்லை, நான் நிக்கிறன்."

"நீங்கள் போனால்தான் எனக்கு லீவு."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, நான் உமக்கு வேலையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அந்தப் பொய்யைத் தூக்கி நிறுத்தக்கூட அவளிடம் பலம் இருக்கவில்லை.

"ஓம்" என்றாள். பிறகு, "விருப்பமும்தான். வேலையும்தான்" என்றாள்.

அவர் மேசையில் போய் இருந்தார். அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். முடிந்ததும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் சற்று நின்றார். பிறகு திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது அவளுடைய பெட்டியில் இருந்த அரிசியும் தூளும் குக்கரும் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவருடைய பெட்டி தனியாக மூடிக் கிடந்தது.

போகிற நாளில் கிளிபோட்டின் வான் வாசலுக்கு வந்தது. உருகின பனி சேறாகிக் கிடந்ததால் றீற்றா இறங்கமாட்டாள் என்றுதான் றெஜினா எண்ணினாள். ஆனால் அவள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, பெருவிரலால் றெஜினாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். போகிறவர்களுக்குப் போடுவதை நிற்கிறவளுக்குப் போட்டாள். அமிர்தநாதர் வானுக்குள்ளிருந்து பார்த்தார், கை காட்டினார். மருந்துகளை எடுத்தீர்களோ என்று றெஜினா கேட்டாள். ஓம் என்றார்.

லீவு எடுக்காத அந்த லீவுக் கிழமை எளிதாகத் தொடங்கவில்லை. முதல் நாள் பின்னேரம் அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பிறிஜ்ஜைக் காலியாக்கித் துடைத்தாள், திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள். திங்கட்கிழமை வேலையால் வந்ததும் கைகள் தம்பாட்டில் இரண்டு பேருக்கு அரிசி கழுவிவிட்டன. கழுவியதை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரை வடித்துவிட்டுப் பிறிஜ்ஜில் வைத்தாள். நதீஷா இல்லாத சமையலறையில் வேலையும் கூடியிருந்தது. இரண்டு பேருடைய வண்டிகளை ஒருத்தி தள்ள வேண்டும். கைபேசியில் தீவிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்தன. பழங்கள் அடுக்கிய மேசைகள், தொப்பி போட்ட அகஸ்ரின், மீன் தட்டோடு றீற்றா. அமிர்தநாதர் எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை, ஆனால் வெயிலில் முகம் கறுத்திருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைகூப்பு அனுப்பினாள்.

புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து, காலுறையைக் கழற்றுவதற்காக சோஃபாவில் இருந்தாள். ஒன்றைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றமுன் சற்றுச் சாய்வோம் என்று சாய்ந்தாள்.

கண் விழித்தபோது வீடு இருண்டிருந்தது. யாரோ தோளை உலுக்கினார்கள். மெலிசா குளிர்ச் சட்டையோடு குனிந்து நின்றாள், கையில் வீட்டின் மறுசாவி.

"அம்மா! அப்பா இஸ் ஃப்ரீக்கிங் அவுட். எத்தினை தரம் கோல் பண்ணினவர் தெரியுமா?"

றெஜினாவுக்கு முதலில் நாள் எது, இடம் எது என்று பிடிபடவில்லை. மெலிசா விளக்கைப் போட்டு, தகப்பனை அழைத்து, தொலைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பின்னால் பாட்டுச் சத்தம். அமிர்தநாதரின் முகம் திரை முழுக்க வந்தது.

"என்ன நடந்தது? ஏன் எடுக்கேல்லை?"

"நித்திரை கொண்டிட்டன்."

"நித்திரையோ? இந்த நேரத்திலையோ?"

"ஓம்."

அவர் திரையைக் கிட்டக் கொண்டுவந்து அவளைப் பார்த்தார். தலைமயிர் கலைந்து, வேலைச் சட்டையோடு, ஒரு காலில் மட்டும் உறையோடு அவள் எப்படி இருந்தாளோ தெரியாது.

"சரி. அப்ப நித்திரை கொள்ளும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மெலிசா குளிர்ச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். பிறிஜ் திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, சாப்பிட என்ன இருக்கு? நான் வேலையாலை நேரே வாறன்."

"ஒண்டும் இல்லை, பிள்ளை. சமைக்கேல்லை."

இந்த இடத்தில் வழக்கமாக அவளுடைய கால்கள் தாமாக எழும்பிவிடும். பசி என்று பிள்ளை சொன்ன பிறகு எழும்பாமல் இருந்த நாள் அவளுக்கு நினைவில்லை. இப்போதும் எழும்பும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை எழும்பவில்லை. குனிந்து மற்ற உறையையும் மெல்ல உருட்டிக் கழற்றினாள்.

"பாண் கிடக்கு" என்றாள் உள்ளே கேட்கும்படி.

மெலிசா அலுமாரிகளைத் திறந்து மூடினாள். பிறகு பாண் வாட்டும் ரோஸ்ரரை அழுத்தும் சத்தம் வந்தது.

"உங்களுக்கும் ரெண்டு போடவா?"

"ஓம், போடு" என்றாள் றெஜினா, கால்களைத் தூக்கி சோஃபாவில் வைத்துக்கொண்டு.